கோட்டுக்கு அகலம் கிடையாது

போன செவ்வாய்க்கிழமை என் கை பிரபலமாகிவிட்டது.

நான் இல்லை. கை மட்டும்.

அக்கா மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். "சித்தி, இது ஒன் கைதான?" என்று கேட்டிருந்தாள். பார்த்தேன். ஒரு சாந்துச் சட்டி. அதற்குள் இரண்டு பட்டை வளையல். அதைப் பிடித்தபடி ஒரு கை. கட்டை விரலில் கிரைண்டர் பட்ட தழும்பு. என் கைதான்.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. அவளே போன் போட்டுப் படித்துச் சொன்னாள். ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போட்டிருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரியாத ஒன்றை ஒரு ஜோடி வளையல் சொல்லிக் கொடுத்தது... அப்படி என்னவோ. கீழே வரிசையாக இதயங்கள். கைதட்டல்கள்.

"சூப்பர் சித்தி. ட்ரீட் எப்ப?"

"வேல இருக்கு. வை" என்றேன்.

ஏன்? சொல்கிறேன். ஆனால் சந்தோஷமான கதை வேண்டும் என்றால் இந்த வாரம் பேப்பரில் என் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் கிரைண்டிங் வேலை. வெல்டு போட்ட இடத்தை வழவழவென்று தேய்ப்பது. பதினோரு வருஷமாகத் தேய்க்கிறேன். லாஸ்பேட்டையில் இருந்து ஒரு சார் கடிதம் போட்டிருந்தார். எப்போது பார்த்தாலும் இரும்புதானா, வேறு எதுவும் எழுத மாட்டீர்களா என்று.

இல்லை சார். இந்த வாரமும் இரும்புதான்.

எங்கள் முதலாளியும் இதைப் படிப்பார். படித்துவிட்டு, "இன்னா மல்லிகா, நம்ம ஷெட்ட பத்தியும் நல்லதா நாலு வரி எழுதறது?" என்பார். இதோ எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து ஒரு ஆர்டர் வந்தது. ஒயிட் டவுனில் ஒரு பழைய வீடு. தெருக்காரர்கள் சொல்தா வீடு என்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாரோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேரன் இப்போது பாரிஸில். வீட்டைக் காபிக் கடை ஆக்குகிறார். முற்றத்துக்கு மேலே ஒரு பந்தல் வேண்டுமாம்.

மழைக்கு ஒதுங்குகிற பந்தல் இல்லை. வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழ வேண்டும். அதற்கு ஒரு பந்தல்.

முழுக்க இரும்பு வளையங்கள். தோசைக்கல் அளவில் சில. சைக்கிள் சக்கரம் அளவில் சில. நடுவில் எல்லா அளவும். ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையங்களைத் தொட வேண்டும். மேலே ஏறக் கூடாது. விலகி நிற்கக் கூடாது. தொட வேண்டும். அவ்வளவுதான்.

தரையில் அடுக்கினால் சுலபம். இது தரை இல்லை. போர்வையை உதறும்போது ஓரம் மேடாக எழும்பும், நடு குழியும், இல்லையா? அந்த நொடியில் அப்படியே நிறுத்தி வைத்தது போல ஒரு வடிவம். அதன் மேல் வட்டங்கள் உட்கார வேண்டும்.

இதைக் கம்ப்யூட்டரில் போட்டவர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் கௌதம் சார். முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர். எங்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஷெட்டுக்கு வந்து வெல்டிங் டேபிள் மேல் லேப்டாப்பை வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"பாருங்கண்ணா. இந்த ஸ்லைடர இழுக்கறேன். ஒரு வட்டம் பெருசாகுது. மத்ததெல்லாம் தானா நகர்ந்து எடம் குடுக்குது. பாத்தீங்களா?"

பார்த்தோம். வட்டங்கள் ஒன்றை ஒன்று தள்ளின. நெளிந்தன. கோரிமேடு பஸ்ஸில் கூட்டம் ஏறும்போது நகர்ந்து நகர்ந்து நிற்போமே, அது போல. கடைசியில் அசையாமல் நின்றன. ஒன்றை ஒன்று தொட்டபடி. அழகாகத்தான் இருந்தது.

ஏழுமலை அண்ணன் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், கோடு தொடுது. இரும்பு தொடுமா?"

"அளவு கரெக்டா இருந்தா தொடும்ணா."

முதலாளி சிரித்தார். "ஏழுமல, நீ அளவ பாரு. தொடறத கம்ப்யூட்டரு பாத்துக்கும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஏழுமலை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டின் ஃபிட்டர். இரும்பை அளந்து, வெட்டி, வளைத்து, பொருத்தி நிறுத்துவது அவர் வேலை. அதற்குப் பிறகுதான் வெல்டர். அதற்கும் பிறகுதான் நான். ஐம்பத்திரண்டு வயது. அந்த ஷெட்டில் பத்தொன்பது வருஷம்.

ஃபிட்டருக்குச் சொத்து அவன் அளவுதான். எஸ்டேட்டில் எந்த ஷெட்டுக்கு வேலை கேட்டுப் போனாலும் சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள். டீக்கடையில் கேட்பார்கள். "ஆளு அளவு எப்புடி?" ஒரு வார்த்தைதான் பதில். அந்த ஒரு வார்த்தை கெட்டால் கதை முடிந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொருத்திய ஃபிட்டர் தன் அடையாளத்தைப் பஞ்சால் தட்டி வைப்பார். பஞ்ச் என்றால் கூர் ஆணி மாதிரி ஒன்று. சுத்தியால் ஒரு தட்டு, இரும்பில் ஒரு புள்ளி. ஏழுமலை அண்ணனுக்கு மூன்று புள்ளி. அடுப்பு மாதிரி. ஒவ்வொரு வளையத்திலும் உள்பக்கம் மூன்று புள்ளி. அதைத் தேய்த்துவிடாமல் கிரைண்டிங் பண்ண வேண்டும். தேய்த்தால் திட்டுவார்.

"என் மூக்க தேச்சிட்டியே மல்லி" என்பார்.

முதலில் வளையங்கள் கம்பியில் வந்தன. விரல் மொத்தத்தில் உருட்டுக் கம்பி. நாலைந்து செய்து காட்டினோம். பாரிஸ் பேரன் வீடியோவில் பார்த்தார். ஒல்லியாக இருக்கிறது என்றார். சரி, கம்பி வேண்டாம், பட்டை போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு அங்குல அகலப் பட்டை இரும்பு. படுத்துக் கிடக்காமல் செங்குத்தாக எழுந்து நிற்கிற வளையம்.

அளவுத் தாள் மட்டும் மாறவில்லை. கம்பிக்குப் போட்ட அதே தாள். அதே எண்கள்.

கௌதம் சார் கம்ப்யூட்டரில் பார்த்தார். வட்டங்கள் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. தொடாமல் என்ன செய்யும்? அதற்குள் கோடுதான் இருக்கிறது. கோட்டுக்கு அகலம் கிடையாது. இரும்புக்கு உண்டு.

இது எனக்கு எப்படித் தெரிந்தது? படித்துத் தெரியவில்லை. சட்டியில் தெரிந்தது.

கிரைண்டிங் மிஷின் பக்கத்தில் வளையலோடு போகக் கூடாது. இழுத்தால் கை போய்விடும். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் கழற்றிவிடுவேன். சுவிட்ச் போர்டுக்குக் கீழே என் சாந்துச் சட்டி இருக்கும். கொத்தனார் கலவை அள்ளுகிற சட்டி. உருண்டை அடி. அதற்குள் வளையல், வீட்டுச் சாவி, பஸ் பாஸ். பதினோரு வருஷமாக அதுதான் என் பீரோ.

இரண்டு பட்டை வளையல் போடுவேன். நாலு மெல்லிய கம்பி வளையல்.

பட்டை இரும்பு வந்த மூன்றாம் நாள். காலையில் வளையலைக் கழற்றிச் சட்டியில் போட்டேன். சாவியை எடுத்து ஓரமாக வைத்தேன். கண்ணில் பட்டது.

கம்பி வளையல் இரண்டு சட்டியின் குழிவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தொட்டுக்கொண்டு. ஒழுங்காக. பட்டை வளையல் இரண்டையும் அதே இடத்தில் வைத்தேன். உட்காரவில்லை. மேல் விளிம்பு இரண்டும் முட்டிக்கொண்டன. கீழே இடைவெளி. ஒரு பருப்பு நுழையும். அடியில் தொட வைக்கலாம் என்று தள்ளினால் ஒன்று மேலே ஏறியது.

சட்டியைக் கவிழ்த்தேன். அதன் முதுகில் வைத்துப் பார்த்தேன். இப்போது அடி தொட்டது. மேலேதான் விரிந்து நின்றன. தொந்தரவு இல்லை.

ஆக, மேட்டில் பிரச்சினை இல்லை. பள்ளத்தில்தான் முட்டும்.

எங்கள் பந்தலுக்கு ஓரத்தில் மேடு. நடுவில் பள்ளம்.

ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, தோ இத பாரு."

வந்தார். பார்த்தார். அவரே ஒரு முறை எடுத்து வைத்துப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். பாக்கெட்டில் இருந்து டேப்பை எடுத்தார். திரும்ப உள்ளே வைத்தார்.

"மொதலாளிகிட்ட சொல்லணும்" என்றார். "வா."

போனோம். முதலாளி சின்ன ரூமில் போனில் பேசிக்கொண்டிருந்தார். முடியும் வரை நின்றோம். அண்ணன் சட்டியைக் கையில் பிடித்திருந்தார்.

"மொதலாளி, பள்ளத்துல பட்ட முட்டும். கம்பிக்கு போட்ட அளவுல பட்ட உக்காராது. சாரு கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்லாம்."

"எத வச்சி சொல்ற?"

சட்டியைக் காட்டினார்.

முதலாளி சட்டியைப் பார்த்தார். அதற்குள் கிடந்த என் வளையலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யோவ்... அவங்க லட்ச லட்சமா போட்டு சாஃப்ட்வேரு வாங்கி வச்சிருக்காங்க. நீ சட்டியும் வளையலும் தூக்கினு வந்து தப்புன்ற. நான் போன் பண்ணி இன்னான்னு சொல்றது? எங்க ஷெட்டு பொம்பள வளையல கழட்டி வச்சிச்சி, அதுல தெரிஞ்சிதுன்னா?"

"சும்மா கேட்டா இன்னா மொதலாளி?"

"வேலைய பாரு ஏழுமல. டேட்டு குடுத்திருக்குது."

வெளியே வந்தோம். நான் அந்த ரூமில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நான் கிரைண்டிங். என் வேலை தேய்ப்பது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சொன்னார். முதலாளி கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வேறு யாரும் இல்லை.

வளையங்கள் தயாராயின. லோடு ஏற்றி சொல்தா வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் சாரம் கட்டி, அதன் மேல் பிளைவுட்டில் அந்தப் போர்வை வடிவத்தைச் செய்து வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும்.

ஓரத்தில் இருந்து ஆரம்பித்தோம். மேட்டில் எல்லாம் உட்கார்ந்தது. கௌதம் சார் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் பள்ளத்தில் இறங்கினோம். நெருக்கம் ஆரம்பித்தது. மேலே முட்டியது. கொஞ்சம் தள்ளினோம். தள்ளியதில் பக்கத்து வளையம் நகர்ந்தது. அதைத் தள்ளினால் அடுத்தது.

கடைசியில் நடுவில் ஏழு வளையம் மிச்சம். அதற்கு இடம் இல்லை.

ஒன்றை எடுத்து இறக்கிப் பார்த்தோம். ஒரு விரல் அகலம் இடிக்கிறது. வேறு ஒன்று. அதுவும் இடிக்கிறது.

கௌதம் சார் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். அதில் ஏழும் உட்கார்ந்திருந்தன. சமர்த்தாக.

"இதுல சரியா இருக்கே..." என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும். "அப்ப எங்கயோ டைமென்ஷன் மாறியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி வளையத்தைக் கையில் எடுத்தார். டேப்பைப் பிடித்தார். தாளில் நானூற்றுப் பன்னிரண்டு. டேப்பில் நானூற்றுப் பதிமூன்று.

"ஒரு மில்லி கூட" என்றார். வளையத்தைத் திருப்பினார். உள்ளே மூன்று புள்ளி.

இன்னொன்று எடுத்தார். அதிலும் ஒரு மில்லி. அதிலும் மூன்று புள்ளி.

நான் வருஷக்கணக்காக வளையம் தேய்க்கிறவள். வெல்டு போட்டால் வளையம் லேசாக இழுக்கும். ஒரு பக்கம் ஒரு மில்லி கூடும். குறுக்கே ஒரு மில்லி குறையும். அதே வளையத்தைக் குறுக்கே அளந்தால் நானூற்றுப் பதினொன்று வந்திருக்கும்.

யாரும் குறுக்கே அளக்கவில்லை.

"இத்தினி வருஷமா செய்ற ஆளு. கண்ணு போச்சா?" முதலாளி குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "சார் முன்னாடி மானத்த வாங்கிட்டியே."

ஏழுமலை அண்ணன் சத்தம் போடவில்லை. "மொதலாளி, நான் அன்னைக்கே சொன்னேன். பள்ளத்துல முட்டும்னு."

"எப்ப சொன்ன? யாருகிட்ட சொன்ன?"

"ஒங்ககிட்டதான். ஒங்க ரூம்ல."

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

கேள்வியாகக்கூடப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தார். சொல்வாள் என்று நினைத்த பார்வை. தண்ணீர் கேட்டுவிட்டுக் கை நீட்டுகிற மாதிரி.

நான் கிரைண்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

பயமா? பயம்தான். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. அந்த ஷெட்டை விட்டால் கிரைண்டிங்குக்குப் பொம்பளையை எடுக்கிற இடம் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. இதெல்லாம் காரணம். காரணத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை.

"நாளையிலருந்து வர வேணாம்" என்றார் முதலாளி.

அண்ணன் டேப்பைப் பாக்கெட்டில் போட்டார். பஞ்ச் ஆணியைத் துணியில் சுற்றினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.

மறுநாளே எஸ்டேட் டீக்கடையில் பேச்சு வந்துவிட்டது. "ஏழுமல அளவு தப்பிட்டாராமே?" நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பாபு என்று புது ஃபிட்டர் வந்தார். பள்ளத்து வளையங்கள் எல்லாம் திரும்பவும் செய்யப்பட்டன. அதே தாள். பாபு கெட்டிக்காரர். மில்லி பிசகவில்லை. நாலு பக்கமும் அளந்துதான் முதலாளி லோடு ஏற்றினார். பதினைந்தாம் நாள் சொல்தா வீட்டில் மறுபடி அடுக்கினோம்.

மறுபடி ஏழு வளையம் மிச்சம்.

இந்தத் தடவை முதலாளி டேப்பை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய? கௌதம் சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்... ஏன் உக்கார மாட்டேங்குது?"

கவனித்தீர்களா? முதல் தடவை, யார் என்று கேட்டார்கள். இரண்டாம் தடவைதான், ஏன் என்று கேட்டார்கள்.

நான் எழுந்தேன். சொல்தா வீட்டில் கொத்து வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கிடந்த சாந்துச் சட்டியை எடுத்துத் துடைத்தேன். பையில் இருந்த என் பட்டை வளையலை எடுத்தேன். சட்டிக்குள் வைத்தேன். முட்டியது. கவிழ்த்து வைத்தேன். முட்டவில்லை. கம்பி வளையலை உள்ளே வைத்தேன். உட்கார்ந்தது.

ஒரு வார்த்தை பேசவில்லை. தேவைப்படவில்லை.

கௌதம் சார் அதையே பார்த்தார். பிறகு குதித்து எழுந்தார். "அக்கா! இதான்க்கா! திக்னஸ் இல்ல, விட்த், பட்டையோட அகலம்! நான் வெறும் லைன வச்சி அடுக்கியிருக்கேன்... ஐயோ, எவ்ளோ சிம்பிள்! அக்கா, பட்டைய உள்ள வச்சி அப்பிடியே புடிங்க, அப்பிடியே புடிங்க..."

படம் எடுத்தார். அந்தப் படம்தான் அது.

"சார்" என்றேன். "ஏழுமல அண்ணன் அளவு சரிதான் சார். அவர் வளையமும் இதுக்குத்தான் உக்காரல."

"கண்டிப்பாக்கா, கண்டிப்பா" என்றார். அவர் கண் சட்டியில் இருந்தது.

அன்றைக்கே பட்டையின் அகலத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டார். பள்ளத்து வட்டங்கள் கொஞ்சம் சிறுத்தன. நெளிந்தன, நகர்ந்தன, நின்றன. புதுத் தாள் வந்தது. பாபு செய்தார். உட்கார்ந்தது. ஏழும் உட்கார்ந்தது. மேட்டில் இருப்பதெல்லாம் ஏழுமலை அண்ணன் வளையங்கள்தான். அப்படியே இருக்கின்றன. மூன்று புள்ளி மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி ரூமுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் நானாகப் போனது அதுதான் முதல் தடவை.

"ஏழுமல அண்ணன திரும்ப கூப்புடலாம்ல மொதலாளி. தப்பு அவருது இல்லன்னு தெரிஞ்சி போச்சி."

"தெரிஞ்சிதான் போச்சி" என்றார். கோபமே இல்லை. "ஆனா பாபு வந்துட்டானே. ரெண்டு ஃபிட்டர வச்சி நான் இன்னா பண்ண?"

"எஸ்டேட்ல அளவு தப்பிட்டாருன்னு பேசறாங்க. அதையாவது..."

"நானா பேசனேன்? டீக்கடையில பேசனா நான் இன்னா பண்றது? போம்மா, வேலைய பாரு."

போனேன். வேலையைப் பார்த்தேன்.

அந்தப் படம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, சேதராப்பட்டு போனேன். ஏழுமலை அண்ணன் அங்கே ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். நீலச் சட்டை. தொப்பி அவர் தலைக்குப் பெரிசு. வண்டி வந்தால் நோட்டில் நம்பர் எழுதுகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளினார்.

"வா மல்லி. உக்காரு. இங்க அளக்கற வேல இல்ல. கேட்டு தொறக்கற வேலதான். தப்பே வராது."

"வேற ஷெட்டுல கேட்டியாண்ணே?"

"நாலு ஷெட்டுல கேட்டேன். ஒருத்தன் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டான். அளவு தப்புன ஆளாமேன்னு."

போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாகத் தெரிந்த வளையத்தைப் பார்த்தார்.

"இது என்னுது. மேட்டுப் பக்கம். நாலாவது வரிச."

"ஆமாண்ணே."

"நல்லா உக்காந்துருக்குது."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வளையலும் நல்லாதான் காட்டியிருக்க மல்லி. பதினஞ்சு நாளு லேட்டு."

ஒரு லாரி வந்தது. போய் நம்பர் எழுதிவிட்டு வந்தார். கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"நான் இன்னா செய்யட்டும்ணே?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அன்னைக்கும் ஒண்ணும் செய்யலையே."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். டைம் சொல்கிற மாதிரி சொன்னார்.

நோட்டை மூடி வைத்துவிட்டு அவரே கேட்டார். "பேப்பர்ல எழுதறியாமே. எங்க வீட்டுல படிச்சி காட்டுவாங்க. நடந்தத எல்லாம் எழுதுவியா?"

"பாதிதான்ணே எழுதுவேன்."

"மீதிய?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு கம்பி வளையல். இரண்டு பட்டை வளையல். பட்டைக்கு அகலம் இருக்கிறது. அதனால் முட்டுகிறது. கம்பி எந்தப் பள்ளத்திலும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஏழுமலை அண்ணன் முட்டினார். நான் உட்கார்ந்துகொண்டேன். படத்தில் வந்தது என் கை.

காபிக் கடை திறந்துவிட்டார்கள். வாசலில் ஒரு பலகை இருக்கிறதாம். அக்கா மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். டிசைன் செய்தவர் பேர், கட்டியவர் பேர், சாஃப்ட்வேர் பேர்கூடப் போட்டிருக்கிறார்களாம். ஃபிட்டர் பேர் இல்லை. தரையில் வெயில் வட்ட வட்டமாக விழுகிறது, சூப்பரா இருக்கு சித்தி என்றாள். விழட்டும்.

மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

பட்டை முட்டும் என்று ஏழுமலை அண்ணன் முன்னாடியே சொன்னார். முதலாளி ரூமில் சொன்னார். முதலாளியிடம் சொன்னார். என் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் அளவு ஒரு நாளும் தப்பவில்லை. எஸ்டேட் டீக்கடையில் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.

முதலாளியும் படிப்பார். வாரா வாரம் படிக்கிறவர் ஆயிற்றே.

நாளைக் காலையில் நான் வளையலைக் கழற்ற வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.